உன் அப்பாவுக்கு இருந்தது அந்த நோய் இல்லை

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பால்வாடிக்கே வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் உருண்டுகொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து படித்தேன். கல்யாண மண்டபம் கிடைத்தது, வசந்திக்குப் புடவை நிறம் பிடித்தது, ஓசூரில் தண்ணீர் வசதியோடு வீடு பார்த்திருப்பது என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது கை அப்படியே நின்றுவிட்டது. ‘அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று வசந்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். குஷ்டம் என்ற வார்த்தை அந்த வீட்டுக்குள் போகவே கூடாது. செத்தும் அவர் என்னை விடவில்லை.’ இப்படித்தான் எழுதியிருந்தாய். கடைசி வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. ஆயா வந்து, ‘டீச்சர், மணி மூணு ஆவுது, புள்ளைங்கள அனுப்பலாமா’ என்று தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

ஐந்து நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சுற்றி வளைத்தால் இன்னும் ஐந்து நாள் போய்விடும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் அப்பாவுக்குக் குஷ்டம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. உன் தாத்தாவுக்கும் இல்லை. இது எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் மறைத்தேன். ஏன் மறைத்தேன் என்பதைப் படிக்கும்போது நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே, முழுவதும் படி. கடைசியில் உன்னால் ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

உன் தாத்தாவை உனக்கு நினைவிருக்காது. அவர் போனபோது உனக்கு நான்கு வயசு. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றே என் மாமியார் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப் போய், கரும்புக்கு நடுவே தெரிந்த மோட்டார் கொட்டாயைக் காட்டினார். ‘உம் மாமனாரு அங்கதான் கீறாரு. சோறு கொண்டும்போயி கல்லு மேல வச்சிட்டு வந்துடு. கிட்டப் போவாத’ என்றார். எனக்குப் பத்தொன்பது வயசு. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் என்று என் வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் படிப்பு எதற்கும் உதவவில்லை. ஏனென்று கேட்காமல் ஐந்து வருஷம் சோற்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன். அவருக்குக் காலில் ஆறாத புண்கள் இருந்தன. விரல்கள் சூம்பிப் போயிருந்தன. உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்துவிடுவார். ஒருநாள் நான் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார். ‘எம்மா, நீ படிச்ச பொண்ணு. எம் மேல எங்கியாச்சும் தேமல் கீதா பாரு. எல்லாம் குஷ்டம்னு சொல்றானுங்க, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல’ என்று சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன். முதுகு சுத்தமாக இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. ‘ஒண்ணும் இல்ல மாமா’ என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். நான் வீட்டுக்கு வந்து யாரிடமும் அதைச் சொல்லவில்லை. நான் பார்த்ததைவிட ஊர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சித்திரையில் மோட்டார்த் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்தார். முழங்கால் தண்ணீர்தான். எழுந்து நின்றிருக்கிறார், தலை சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்திலேயே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ மெஷின் வரைபடம் போடுகிறவன், அளந்து பார்த்துத்தான் கோடு இழுப்பாய். மனிதர்கள் விஷயத்திலும் கண்ணால் கண்டதை நம்பு. நான் நம்பியிருந்தால் இரண்டு பேருடைய வாழ்க்கை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

உன் அப்பாவுக்கு ஆரம்பித்தது உனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது. வெட்டு முடிந்து கரும்பு லாரியில் ஏறிக்கொண்டிருந்த நாள். அவர் தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் வந்தார், குடித்தார், திரும்பிப் போனார். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தால் சிமென்ட் தரையில் வாசலிலிருந்து பானை வரைக்கும், பானையிலிருந்து வாசல் வரைக்கும் ரத்தம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கறை. கோழியைத்தான் நாய் கடித்துவிட்டதோ என்று நினைத்தேன். கறையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அது லாரி வரைக்கும் போனது. அவர் லாரிக்காரனிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இடது பாதத்தில் வெட்டின கரும்பின் அடிக்கட்டை ஒன்று விரல் நீளத்துக்குக் குத்தி ஏறி நின்றது. ‘இன்னாங்க இது, காலப் பாருங்க’ என்றேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு வலிக்கவில்லை, சேகர். வலிக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. லாரிக்காரனுக்கும் புரிந்தது. அவன் இரண்டடி பின்னால் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்கு நினைவிருக்கும். ஊருக்கு வந்த குஷ்டரோக முகாமில் ஒரு டாக்டர் காலில் ஊசியால் குத்திப் பார்த்தார். ‘உங்க அப்பாவுக்கும் இருந்துச்சா’ என்று கேட்டார். இருந்தது என்றதும் குஷ்டம் என்று எழுதிவிட்டார். மாசா மாசம் சைக்கிளில் ஒருவர் வெள்ளை மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் நான் என் மாமியாரின் இடத்தை எடுத்துக்கொண்டேன். உன் அப்பாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தோட்டத்துப் பக்கத்து அறை. உன்னை அந்த அறைக்குப் போகக் கூடாது என்று அடித்திருக்கிறேன். ஒருமுறை நீ பட்டம் அறுந்து போனதற்கு அழுதுகொண்டே அவர் மடியில் போய் விழுந்தாய். நான் ஓடிவந்து உன்னை இழுத்து, டெட்டால் ஊற்றித் தேய்த்தேன். கையெல்லாம் எரிகிறது என்று கத்தினாய். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து நீ அவர் பக்கம் போகவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செய்தாய். அவர் உன்னைத் தொடாததால் அவருக்கு உன்மேல் பாசம் இல்லை என்று நீ முன்பு ஒருமுறை சொன்னாய். அவர் தொடாமல் இருந்தது என் கட்டளை. இதில் உன் தவறு ஒன்றுமில்லை, அவர் தவறும் இல்லை.

ஆறு வருஷம் மாத்திரை சாப்பிட்டார். ஒரு நாள்கூட விடவில்லை. ஆனால் மரத்துப் போனது பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது, பிறகு கைக்கு வந்தது. வயிறு ஒரு வாரம் கட்டிக்கொள்ளும், அடுத்த வாரம் நிற்காமல் போகும். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். உன் தாத்தாவுக்கு இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் மாத்திரை கொண்டுவருகிற அந்தச் சைக்கிள்காரர்தான் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் பேசினார். ‘எம்மா, நான் எத்தினியோ பேருக்கு மாத்திர குடுக்கறன். ஆறு வருஷம் ஒழுங்கா துன்னவங்களுக்கு இப்பிடி ஏறவே ஏறாது. ஒடம்புல ஒரு தேமல் கூட இல்ல. எனக்கென்னமோ இது வேற இன்னாவோன்னு தோணுது. பெரிய ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போங்க’ என்றார். என் மாமனாரின் முதுகு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏறக்குறைய பதினோரு வருஷம் கழித்து.

புதுச்சேரியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயசு. காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேராக வயிற்றைப் பற்றிக் கேட்டார். எழுந்தால் மயக்கம் வருமா என்று கேட்டார். அதுவரைக்கும் எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. உன் அப்பா, ‘எங்க நைனாவுக்கும் அப்பிடித்தான் டாக்டரம்மா’ என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கணுக்கால் பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டு நரம்பை வெட்டி எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். நீ அப்போது பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். புண்ணுக்குக் கட்டுப் போடப் போகிறோம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனோம்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது டாக்டர் எங்களை மைக்ராஸ்கோப் இருந்த அறைக்கே கூட்டிப் போனார். ‘இது குஷ்டம் இல்ல. அந்தக் கிருமி ஒண்ணுகூட இல்ல. வேற ஒண்ணு இருக்கு, நீங்களே பாருங்க’ என்றார். நரம்புக்கு ஒரு சிவப்புச் சாயம் ஏற்றியிருந்தார்கள். முதலில் உன் அப்பா பார்த்தார், பிறகு நான். வெளிர்ச் சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. டாக்டர் ஒரு வளையத்தைத் திருப்பி, இரண்டு பேரையும் மறுபடியும் பார்க்கச் சொன்னார். சுற்றி எல்லாம் இருட்டாகிவிட்டது, அந்தத் திட்டுகள் மட்டும் பச்சையாக மின்னின. ‘நாத்தங்கால் மாதிரி கீதே’ என்றார் உன் அப்பா. அது அழகாக இருந்தது, சேகர். தன் உடம்பைத் தின்றுகொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து ஒரு மனிதர் அழகாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி அது இருந்தது.

டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான் அன்று மாலையே பால்வாடி நோட்டில் எழுதி வைத்தேன். எல்லார் ரத்தத்திலும் சில புரதங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு கணக்காக மடிந்திருந்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். சில குடும்பங்களில் ஒரு புரதம் பிறவியிலேயே கொஞ்சம் மாறி இருக்கிறது. முப்பது வருஷம் அதனால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் மடிப்பு லேசாகப் பிரிகிற குணம் அதற்கு உண்டு. பிரிந்த இரண்டு ஒன்றோடொன்று ஒட்டினால் உடம்பு அதைக் கலைத்துவிடும். மூன்று நான்கு ஒட்டினாலும் கலைத்துவிடும். எப்போதோ ஒரு சின்னக் கொத்து கலையாமல் நின்றுவிடுகிறது. பிறகு வருகிறதெல்லாம் அதன் நுனியில் போய் ஒட்டிக்கொள்கிறது. அது நூலாகிறது. நூல் நீள்கிறது, உடைகிறது, உடைந்த ஒவ்வொரு துண்டும் இன்னொரு நூலுக்கு முனையாகிறது. அதனால்தான் முதலில் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு திடீரென்று வேகமாக ஏறுகிறது என்றார். எனக்கு அதிரசப் பாகு ஞாபகம் வந்தது. பாத்திர விளிம்பில் காய்ந்த ஒரு சர்க்கரை மணி உள்ளே விழுந்தால் போதும், தெளிவாக இருந்த பாகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்துப் போகும். அதைச் சொன்னேன். ‘அதேதாம்மா. பாகுன்னா தண்ணி ஊத்திக் காச்சினா மறுபடியும் கரையும். இது எதுலயும் கரையாது’ என்றார். அந்த நூல்கள் நரம்பைச் சுற்றி, குடலில், இருதயத்தில் என்று போய்ப் படிகின்றன. நரம்பு மூச்சுமுட்டிச் சாகிறது.

உன் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘டாக்டரம்மா, அப்போ எம் புள்ளைய நான் தொட்டிருக்கலாமா?’

‘தாராளமா. இது தொட்டா ஒட்டாது. குஷ்டமாவே இருந்திருந்தாலும், மாத்திர சாப்பிடற ஆளு புள்ளையத் தூக்கறதுல ஒண்ணும் இல்லையே. யாரு தொடக் கூடாதுன்னு சொன்னது?’

உன் அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘யாரும் சொல்லல, நானாதான்’ என்றார். அந்த அறையில் மின்விசிறி ஓடியதா, வெளியே யாராவது பேசினார்களா, எதுவும் தெரியவில்லை. ஆறு வருஷம். அதற்கு முன்னால் என் மாமனாருக்கு நான் கல்லின் மேல் சோறு வைத்த ஐந்து வருஷம். டாக்டர் சொன்னதில் இன்னொன்றையும் நீ கவனி. குஷ்டமாகவே இருந்திருந்தாலும் நாங்கள் செய்தது தவறுதான். நோயின் பெயர் மாறியதால் மட்டும் நான் குற்றவாளி ஆகவில்லை. இதை நான் புரிந்துகொள்ள இன்னும் சில வருஷம் ஆனது. இப்போது நம் ஊரில் அந்த மாத்திரை வாங்குகிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் பிள்ளை என் பால்வாடியில்தான் இருக்கிறான். ஆயா அவனைத் தனியாக உட்கார வைத்தாள். நான் அவனைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு ஊட்டினேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் அன்று டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. ‘எத்தன பிள்ளைங்க’ என்று கேட்டார். ஒரே பையன் என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். இது ரத்த வழியில் வருகிறது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். சரிபாதி. காசைச் சுண்டிவிட்டால் பூவா தலையா என்கிற மாதிரி. வந்திருந்தாலும் முப்பது வயசுக்கு மேல்தான் தெரியும். இன்றைக்கு இதற்கு மருந்து இல்லை.

ஆறு வருஷமாக உன்னை அவரிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வரவேண்டியது நீ என் வயிற்றில் உண்டான அன்றைக்கே வந்திருக்கும், அல்லது அன்றைக்கே விலகியிருக்கும். டெட்டால் ஊற்றித் தேய்த்தது எதைக் கழுவ, சேகர்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் மயங்கி விழுகிற அந்த மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. ‘அவங்கிட்ட சொல்லணும். அப்பனுக்குக் குஷ்டம் இல்லடான்னு சொல்லணும்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அரியாங்குப்பம் பாலம் தாண்டியபோது நான் சொன்னேன். ‘வேணாங்க. அது இல்லன்னா இன்னான்னு கேப்பான். இத எப்பிடிச் சொல்றது? பதினஞ்சு வயசு புள்ள, தெனம் காலக் கிள்ளிப் பாத்துகினே வாழணுமா?’ அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாகூரில் இறங்கும்போது, ‘சரி, வேணாம். அவன் பயந்துகினு வாழறத வுட என்ன வெறுத்துகினு வாழட்டும்’ என்றார். நான் அதற்கு ஒத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். என் மாமனார் விஷயத்திலாவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். இது தெரிந்து செய்தது.

உன் பத்தாவது ரிசல்ட் வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பேப்பரில் உன் நம்பரைப் பார்த்துவிட்டு நீ ஓடிவந்தாய். அவர் வேலியோரம் நின்றிருந்தார். இனிமேல் தொடலாம் என்று அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அவர் கையை நீட்டி உன் தோளில் வைத்தார். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட இருக்காது. நீ எதுவும் சொல்லாமல் விலகிப் போனாய். மோட்டார்த் தொட்டிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு அந்தத் தோளை மட்டும் கழுவினாய். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் என்னிடம் வந்து, ‘நல்ல மார்க்கு போல கீது’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒருநாளும் உன்னைத் தொட முயற்சி செய்யவில்லை. நீ எழுதியிருந்தாயே, செத்தும் விடவில்லை என்று. அவர் உன்னை எப்போதோ விட்டுவிட்டார், உனக்காக. நீ நிம்மதியாக இருக்க வேண்டும் என்று, இல்லாத நோயைச் சுமந்துகொண்டு போனார். இருதயம் நின்றுதான் போனார். அந்த ஒன்றில் நீ வசந்தி வீட்டில் சொன்னது பொய்யில்லை.

என் பைத்தியக்காரத்தனம் இன்னொன்றையும் சொல்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ வரும்போது நான்தான் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறேன் அல்லவா? தலைக்கு நல்ல பதமாக ஊற்றிவிட்டு, கடைசிச் சொம்பை மட்டும் பச்சைத் தண்ணீர் விளாவாமல் உன் காலில் ஊற்றுகிறேன். போன தீபாவளிக்கும் ஊற்றினேன். ‘இன்னாம்மா, கால வேக வைக்கிறியா’ என்று குதித்தாய். நான் அடுப்படிக்குள் போய்ப் புடவையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில். பெற்ற பிள்ளை கத்துவதைக் கேட்கக் காத்திருக்கிற தாய் நான். உனக்குத் தெரியாமல் இன்னும் எத்தனை வருஷம் இப்படி ஊற்ற முடியும்? இனிமேல் உன் பக்கத்தில் இருக்கப் போகிறவள் வசந்தி. உனக்கு ஏதாவது வந்தால் தரையில் கறையைப் பார்க்கப் போகிறவள் அவள். நாளைக்கு உங்களுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்கும் அதே காசு சுண்டப்படலாம். அதைச் சொல்லாமல் அவள் கழுத்தில் தாலி கட்டுவது சரியில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என் கல்யாணத்துக்குச் சம்மதித்திருப்பேனா என்று நீ கேட்கலாம். தெரியாது. ஆனால் பத்தடி தூரத்தில் நின்றிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். முடி நரைக்க ஆரம்பித்துவிட்டது, மேற்பதவிக்கு வந்துவிட்டார். உன் அப்பாவின் பெயரைச் சொன்னதும், ‘நாத்தங்கால்னு சொன்னாரே, அவரா’ என்றார். ரத்தத்தைப் பார்த்தே இது இருக்கிறதா இல்லையா என்று சொல்கிற பரிசோதனை வெளிநாட்டில் வந்திருக்கிறதாம். இங்கே இன்னும் இல்லை. நீ விரும்பினால் ரத்தத்தை அனுப்ப வழி பார்ப்பதாகச் சொன்னார். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நீ நினைத்தால் அதுவும் உன் உரிமை, யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். மருந்து இன்னும் இல்லை. ஆனால் அந்த நூல் எப்படி ஆரம்பிக்கிறது என்பதைப் பலபேர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம், ஆரம்பத்தைத் தடுக்கத் தெரிந்துவிட்டால் போதும் என்றார். உன் அப்பாவின் ரிப்போர்ட்டை நகல் எடுத்துக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். அதில் குஷ்டக் கிருமி இல்லை என்று எழுதியிருக்கிற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

அங்கிருந்து நேராக ஊருக்கு வராமல், வசந்தி வீட்டுக்குப் போக வில்லியனூர் பஸ் ஏறினேன். உன் பொய்யை நானே போய் உடைத்துவிடலாம் என்றுதான் போனேன். வசந்தியின் அம்மா காபி கொடுத்தார், கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைக் காட்டினார், அட்டை மஞ்சளா சந்தனமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியது நானில்லை, நீ என்று தோன்றியது. அது பயமா நியாயமா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. புறப்பட்டபோது வசந்தி பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூட வந்தாள். கோவில் மதிலோரம் வரும்போது கேட்டாள்.

‘அத்த, மாமாவுக்கு நெசமா மாரடைப்புதானா?’

நான் நின்றுவிட்டேன். ‘ஏம்மா அப்பிடிக் கேக்கற?’

‘அவரு அதச் சொல்லும்போது மூஞ்சி வேற மாதிரி ஆயிடுது. ரெண்டு வாட்டி கேட்டன், ரெண்டு வாட்டியும் அப்பிடித்தான். பொய் சொன்னாக் கூட பரவால்ல அத்த, பயப்படறாரு. அதான் எனக்குக் கஷ்டமா கீது.’

உன்னிடம் ஆறு மாசம்தான் பேசியிருக்கிறாள். நான் பத்து வருஷமாக மறைத்ததன் விளிம்பை அவள் கண்டுபிடித்துவிட்டாள். ‘அத அவனே உங்கிட்ட சொல்லுவாம்மா’ என்றேன்.

‘சரி அத்த. நானா இனிமே கேக்க மாட்டன். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லச் சொல்லுங்க. கேட்டுட்டு நான் வேணாம்னு சொல்லுவனோ இன்னாவோ, அது எனக்கே தெரியாது. சொன்னாருன்னாதான தெரியும்?’

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் ‘எங்கம்மா போவணும்’ என்று கேட்டார். எனக்கு ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. அவர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் பாகூர் என்றேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பு. விழுப்புரத்தில் ரயில் மாறி வந்தால் வில்லியனூர் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். அங்கேயே இறங்கு. என்னிடம் சண்டை போட வேண்டியது நிறைய இருக்கும், அது காத்திருக்கும், நான் எங்கும் போகவில்லை. முதலில் அவளைப் போய்ப் பார்.

உன் அம்மா